தறிக்குடோன் பாஷை

மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டால் மாமனார் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியாது. அதுவும் தலையாடிக்கு வந்த மாப்பிள்ளை. கல்யாணமான பிறகு வருகிற முதல் ஆடி நோம்பிக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்து வந்து, சந்தகை பிழிந்து, கச்சாயம் சுட்டு, புதுத்துணி எடுத்துக் கொடுத்து, அவர் எதைக் கேட்டாலும் "ஆகட்டுமுங்க" என்று சொல்வதுதான் வெள்ளகோவில் பக்கத்து முறை. ஒருவர் மோதிரம் கேட்பார், ஒருவர் வண்டி கேட்பார். கீதாவின் மகளுக்கு வாய்த்த மாப்பிள்ளை சுரேந்தர், கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் பிறந்து வளர்ந்த பையன், காட்டுக்குள் நடக்க வேண்டும் என்று கேட்டான்.

"மேக்க மலையடிவாரத்துல எருமப்பாறை அருவின்னு ஒண்ணு இருக்குதுங்க மாமா. காலைல ஏழு மணிக்கு நடக்க ஆரமிச்சா உச்சி வேளைக்குள்ள போயிரலாம். நாலு மணிக்கெல்லாம் கீழ எறங்கிக்கலாம். வழி காட்ட ஆளு வருவாங்க. நம்ம நாலு பேரும் போலாமுங்க. தறி நாலு நாளு லீவுதானுங்களே?"

மாமனார் அங்கப்பன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, மாப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பலமாகத் தலையாட்டினார். "ஆகட்டுமுங்க மாப்ள!" அந்தக் குரல் தெருமுனைக் கடைவரைக்கும் கேட்டிருக்கும்.

ரசக் கிண்ணத்தோடு நின்ற அவர் மனைவி கீதா கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாள். இந்தப் பிள்ளை மோதிரமே கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

காரணம் இதுதான். அங்கப்பனுக்குக் காது கேட்காது. முழுச்செவிடு என்று சொல்ல முடியாது. இடி கேட்கும், வெடி கேட்கும், முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மற்றபடி ஒன்றும் இல்லை. பன்னிரண்டு விசைத்தறியோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்திய காது வேறு எப்படி இருக்கும்?

தறிக்குடோனுக்குள் நல்ல காதுக்காரருக்கே ஒன்றும் கேட்காது. நூலைச் சுமந்த நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். அதனால் குடோனுக்கென்று ஒரு பாஷை உண்டு. இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. முஷ்டியை நெஞ்சுக்கு இழுத்தால் தறியை நிறுத்து. உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினால் அப்படியே இரு, எதையும் தொடாதே. ஒற்றை விரலை வளைத்து இழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட வா. ஆள் திரும்பிப் பார்க்காவிட்டால், நூல் தீர்ந்த வெறும் தார்க்கட்டை ஒன்றை முதுகில் படும்படி எறிவார்கள். கீதா எறிந்தால் குறி தப்பாது. கட்டிக்கொண்டு வந்த மூன்றாம் மாதத்திலிருந்து அங்கப்பனின் இடது தோள்பட்டையில் எறிந்து பழகிய கை.

வெளியே வந்தால்தான் வம்பு. யார் எதைச் சொன்னாலும் அங்கப்பன் தலையாட்டிவிடுவார். ஊரில் அதனாலேயே நல்ல பேர். "அங்கப்பண்ணன் தங்கமான மனுசனுங்க, எதுத்து ஒரு வார்த்த சொல்லமாட்டாரு" என்பார்கள். மகள் ரித்திகாவுக்கு மட்டும் அந்தத் தங்கம் பித்தளையாகிவிட்டது. பெண்பிள்ளைகளின் மெல்லிய குரல்தான் முதலில் காதைவிட்டுப் போகும் போலிருக்கிறது. ஹாஸ்டலில் படித்த நாளிலிருந்தே அவள் போன் செய்தால் இரண்டாவது வினாடியே "அம்மாகிட்டப் பேசு கண்ணு" என்று கொடுத்துவிடுவார். "கட்டிக்குடுத்ததோட அப்பா என்னைய ஒரேயடியா மறந்துபோட்டாரும்மா" என்று அவள் ஒரு நாள் அழுதே விட்டாள். கீதா அப்போதும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் கரூர் ரோட்டைத் தாண்டும்போது லாரி ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் வந்து நின்றது. அத்தனை பெரிய ஆரனுக்கு மனிதர் திரும்பவே இல்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே போனார். எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்த கீதாவுக்கு உயிர் போய் வந்தது. "காதுக்கு டாக்டரைப் பாக்கலாமுங்க" என்று அன்றைக்குச் சொன்னாள். "செவுடன்னு சொல்லி ஒறம்பரை சனத்து முன்னால என்னைய நிக்க வெக்கப் பாக்கறயா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது அந்த மனிதரைக் காட்டுக்குள் கூட்டிப் போகிறார்கள்.

மலையடிவாரத்துச் சோதனைச்சாவடியில் இவர்களுக்காகக் காத்திருந்தவர் நஞ்சன். நாற்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. அந்த மலையிலேயே பிறந்தவர். கீதா ஆசையாகக் கட்டி எடுத்து வந்திருந்த கச்சாயப் பொட்டணத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது இங்கயே இருக்கட்டுமுங்கம்மா. வெல்ல வாசம் உள்ள போகக்கூடாதுங்க. பெரியவரு மூக்கு நம்ம மூக்கு மாதிரி இல்லைங்க."

"பெரியவருங்களா?" என்றான் சுரேந்தர்.

"உள்ள போறப்ப அது பேரைச் சொல்றதில்லைங்க." நஞ்சன் ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். "மேகாத்துதான், நம்ம வாசம் முன்னால போகாது. நல்லதுங்க. இப்ப ஒரு சமாச்சாரம் கேட்டுக்குங்க. வரிசையா வரோணும். பேச்சு வேண்டாம். மூங்கக் காட்டுல கண்ணு ஒண்ணுத்துக்கும் ஆகாதுங்க, பத்தடில நின்னாலும் தெரியாது. காதுதான் சொல்லோணும். நான் இப்பிடிப் பண்ணுனா அங்கங்கயே நின்னுபோடோணும்."

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கிக் காட்டினார். பல்லி சொல்கிற அளவுக்குச் சத்தம். எல்லாரும் தலையாட்டினார்கள். அங்கப்பன் எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினார்.

"அப்பறம், யாருக்காச்சும் எளப்பு, நெஞ்சு வலி, காது மந்தம், எது இருந்தாலும் இப்பவே சொல்லிப்போடுங்க. மறைக்காதீங்க. கெழக்கால ஒரு சுத்துத் தடம் இருக்குது. தூரம் சாஸ்தி, ஆனா வெட்டவெளி. அதுல கூட்டிட்டுப் போயர்றனுங்க."

கீதா வாயைத் திறந்தாள். அங்கப்பன் அந்தச் சமயம் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல அக்கட்டாலே திரும்பிக்கொண்டிருந்தார். கேட்காமல் திரும்பினாரா, உதட்டைப் படித்துவிட்டுத் திரும்பினாரா, அது அவருக்கும் எருமப்பாறை முனியப்பனுக்கும்தான் வெளிச்சம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றான். தலையாடிக்கு வந்த மாப்பிள்ளை முன்னால், இவர் செவிடர் என்று எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு ஆர்.எஸ்.புரத்துச் சம்பந்தி வீட்டில் பேச்சாகாதா?

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கறமுங்க" என்றாள் கீதா.

சொன்ன அந்த நிமிஷத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நஞ்சன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நஞ்சன் முன்னால், அவருக்கு அடுத்து அங்கப்பன், பிறகு கீதா, கடைசியில் சின்னஞ்சிறுசுகள் இரண்டும். பாக்குத் தோப்பு முடிந்ததும் காடு சட்டென்று மூடிக்கொண்டது. ஆடி மழையில் நனைந்த செத்தை காலடியில் மெத்தென்று அமுங்கியது. மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கழுத்துப் பொடனியில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் கீதா திடுக்கிட்டாள். எங்கேயோ ஒரு பறவை கத்தி நிறுத்தியது. எதற்கு நிறுத்தியது? இடப்பக்கம் சருகு அசைந்தது. ஓணானா, வேறெதுவுமா? ஐம்பது வயதுவரைக்கும் அவள் காதை இப்படிக் கூர்மையாக வைத்துக்கொண்டதில்லை. இரண்டு ஆளுக்குச் சேர்த்துக் கேட்கவேண்டியிருந்ததே.

அங்கப்பனோ நோம்பிச் சந்தைக்குப் போகிறவர்போலக் கையை வீசி நடந்தார். தான் மிதித்து ஒடிக்கிற குச்சியின் சத்தம் அவருக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சுவது தெரியாது. ஒரு மேட்டில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "காத்து ஜிலுஜிலுன்னு வருதுங்க மாப்ள!" என்று குடோன் குரலில் முழங்கினார். மரத்திலிருந்த குரங்குக் கூட்டம் சிதறி ஓடியது. நஞ்சன் திரும்பி உதட்டில் விரல் வைத்தார்.

"அப்பா! கம்முனு வரச் சொன்னாங்கல்ல?" என்று பின்னாலிருந்து ரித்திகா கிசுகிசுத்தாள். அவர் திரும்பவில்லை. "பாத்தீங்களாம்மா? என்ர பேச்சுக்குத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டீங்கறாரு."

"நீ பாத்து வா கண்ணு" என்றாள் கீதா.

மூன்று மணி நேரம் கழித்து மூங்கில் வந்தது. இரண்டு பக்கமும் சுவர்போல் அடைத்து நின்றது. நஞ்சன் குந்தி உட்கார்ந்து தடத்தின் நடுவே கிடந்த சாணிக்குவியலில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு ஆறலீங்க" என்றார் மெதுவாக. பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு குவியல் இருந்தது. "குட்டியோட இருக்குது. சித்த வெசயா தாண்டிருவம்."

அந்த நேரம் பார்த்துத்தான் ரித்திகாவின் காலில் அட்டை ஏறவேண்டுமா? கெண்டைக்காலில் மூன்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். சுரேந்தர் குனிந்து பிய்க்கப் பார்த்தான். நஞ்சன் அங்கப்பனின் தோளருகே வந்து, தணிந்த குரலில், "நீங்க இங்கயே நில்லுங்கய்யா, நான் அத எடுத்துவுட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

அங்கப்பன் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு நடந்தார்.

கீதா பார்த்துக்கொண்டே இருந்தாள். இதோ நின்றுவிடுவார், இதோ நின்றுவிடுவார் என்று பார்த்தாள். ஐந்தடி, பத்தடி. யாரும் இல்லாத தடத்தில், முன்னால் போகச் சொல்லிவிட்டுத்தான் நஞ்சன் பின்னால் போனார் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் எட்டி நடை போட்டார். "ஏனுங்க" என்ற வார்த்தை அவள் தொண்டைக்கு வந்தது. அதற்குள் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது.

பின்னால் நஞ்சனின் நாக்கு சொடுக்கியது. சுரேந்தரும் ரித்திகாவும் சிலையாக நின்றார்கள். கீதா நின்றாள். அங்கப்பன் நடந்துகொண்டிருந்தார்.

முதலில் அதைப் பாறை என்றுதான் நினைத்தாள். அவருக்கு வலப்பக்கம், பக்கவாட்டில், மூங்கிலுக்குள் கருத்து நனைந்த ஒரு பாறை. பிறகு பாறை காதை ஆட்டியது. அதன் கால்களுக்கு நடுவே குட்டி நின்றது.

அய்யோ, என் சாமீ! கத்தினால் அது வரும். கத்தினாலும் அவருக்குக் கேட்காது. ஓடிப்போய் இழுத்தாலும் அது வரும். ஒரு வார்த்தை, காலையில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்நேரம் வெட்டவெளியில் நடந்துகொண்டிருப்பார்களே. கொன்றுபோட்டேனே, என் வாயாலேயே கொன்றுபோட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

கை மட்டும் தானாகக் குனிந்தது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கல் அகப்பட்டது. எறிந்தாள். தார்க்கட்டைக்குப் பழகிய கை, கல் அவர் குதிகாலுக்குப் பின்னால் செத்தையில் விழுந்தது. யானை துதிக்கையைத் தூக்கியது. இரண்டாவது கல்லை எடுத்தாள். இது குடோன், அதோ ஏழாம் நம்பர் தறி, அதோ அவர் முதுகு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எறிந்தாள்.

இடது தோள்பட்டையில் பட்டது.

அங்கப்பன் எரிச்சலோடு திரும்பினார். "ஏனு?" என்று கேட்க வாய் திறந்தது. அந்தச் சத்தம் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. கீதா முஷ்டியை நெஞ்சுக்கு இழுத்தாள். நிறுத்து. உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினாள். அப்படியே இரு, எதையும் தொடாதே.

வாய் திறந்தபடியே அவர் நின்றார். முப்பத்தொரு வருஷப் பழக்கம். குடோனில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்கிற நேரத்தில் விரல் போய்விடும்.

குடோன் பாஷையில் யானைக்குச் சொல் இல்லை. கீதா புறங்கையை மூக்கின் மேல் வைத்துத் தொங்கவிட்டாள். தன் வலப்பக்கம் கண்ணால் காட்டினாள். அவர் தலையைத் திருப்பவில்லை, விழியை மட்டும் ஓட்டினார். வேட்டி நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விரலை வளைத்து இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வா. அவர் ஓரடி வைத்தார். இப்போது யானை அவர் முதுகுக்குப் பின்னால். அது வருகிறதா நிற்கிறதா என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் கீதாவின் முகம் ஒன்றுதான். யானை காதை விரித்தால் உள்ளங்கை, காதை மடக்கினால் விரல். ஓரடி, நிறுத்து. ஓரடி, நிறுத்து. நடுவில் யானை தடத்தில் இறங்கி இரண்டு எட்டு முன்னால் வைத்தது. கீதாவின் முகம் வெளுத்துப்போனதை அவர் பார்த்திருப்பார். உள்ளங்காலில் தரை அதிர்ந்ததும் தெரிந்திருக்கும். எந்தத் தறி சரியாக ஓடவில்லை என்று காலாலேயே கண்டுபிடிக்கிற மனிதர். கண்ணை மூடிக்கொண்டார். கீதா உள்ளங்கையை இறக்கவே இல்லை. மூடிய கண்ணுக்கும் அந்தக் கையைக் காட்டிக்கொண்டே நின்றாள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. யானை புஸ்ஸென்று மூச்சு விட்டது. குட்டியைத் துதிக்கையால் தள்ளிக்கொண்டு தடத்தைத் தாண்டிக் கீழ்ப்பக்கச் சரிவில் இறங்கியது. மூங்கில் முறிகிற சத்தம் தூரமாகி, இல்லாமல் போனது. கீதா விரலை வளைத்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவளே போய்க் கையைப் பிடித்தாள்.

முதலில் வெடித்தவள் ரித்திகா. பயந்தவர்களுக்குக் கோபம்தானே முதலில் வரும்.

"நிக்கச் சொன்னாங்கல்லப்பா! தலைய ஆட்டிப்போட்டு எதுக்குப் போனீங்க? நாங்க சொல்றது எதையுமே கேக்கமாட்டீங்களா? செத்துருப்பீங்கப்பா!" சொல்லிவிட்டு அழுதாள்.

"அப்பாவுக்குக் கேக்காது கண்ணு" என்றாள் கீதா.

"என்னம்மா?"

"காது கேக்காது சாமி. நீ பேசறது எதுவுமே கேக்காது. போன்லயும் கேக்காது. நான்தான் மறச்சுப்போட்டேன்."

சுரேந்தர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மாமனாரிடம் நீட்டினான். நஞ்சன் நெற்றியைத் துடைத்தார். அவர் கோபப்பட்டதும் மரியாதையோடுதான். "கேட்டனுங்களேம்மா. அத்தன தெளிவாக் கேட்டனே. சொல்லிருந்தா வேற தடத்துல கூட்டிட்டு வந்திருப்பனுங்க. உங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு ஆயிருந்தா நாளைக்கு என்ன பதில் சொல்லுவனுங்க நானு?"

கீதா கையெடுத்துக் கும்பிட்டாள். அங்கப்பன் அவள் உதட்டையும் நஞ்சன் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேச்சு நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையை உருவிக்கொண்டார்.

"இப்ப கீழ எறங்க முடியாதுங்க, அது அந்தப் பக்கந்தான் போயிருக்குது" என்றார் நஞ்சன். "அருவிக்குப் போயி இருந்துட்டு, அங்கிருந்து சுத்துத் தடத்தப் புடிச்சுக்கலாம்."

அருவி அரைமணி நடையில் இருந்தது. ஆடித் தண்ணீர் எருமப்பாறையின் முதுகில் விழுந்து வெள்ளையாகச் சிதறியது. அம்மாடி, என்ன சத்தம்! அறுபது தறியை ஒரே குடோனில் போட்டு ஓட்டினாற்போல. சுரேந்தர் ஏதோ சொன்னான், கேட்கவில்லை. நஞ்சன் ஏதோ சொன்னார், அதுவும் கேட்கவில்லை. அங்கே எல்லாரும் செவிடுதான்.

அங்கப்பன் தனியாகப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். ரித்திகா அவர் முன்னால் போய் மண்டிபோட்டு, முகத்துக்கு நேரே, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். பத்தடி தள்ளி நின்ற கீதாவுக்கு அதில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனால் உதடு தெரிந்தது.

எத்தன வருசமாப்பா?

அங்கப்பன் ஆறு விரலைக் காட்டினார்.

ரித்திகா அந்த ஆறு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் எத்தனை போன், எத்தனை கோபம். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். சாப்பிட வா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் குடோன் வாசலில் நின்று அவள் தினமும் காட்டிய சைகை. அங்கப்பனின் முகம் கோணிக்கொண்டது. இரண்டு கையையும் விரித்தார். கச்சாயம் சாவடியிலேயே கிடக்கிறதே கண்ணு! அப்பனும் மகளும் சிரித்தார்கள், அழுதார்கள், இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது. அவர் மகளின் தலையில் கை வைத்தபடி, பக்கவாட்டில் நின்ற கீதாவைப் பார்த்தார். உதட்டை மட்டும் அசைத்தார்.

"நெம்பப் பயந்துபோட்டேன்."

"நானுந்தானுங்க" என்றாள் அவள், சத்தமில்லாமல்.

இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். சுத்துத் தடத்தைப் பிடிப்பதற்கும் ஒரு மூங்கில் திட்டைத் தாண்டவேண்டும் என்று நஞ்சன் சொல்லியிருந்தார். இந்தத் தடவை வரிசை மாறியது. நஞ்சனுக்கு அடுத்துக் கீதா, அவள் கையில் அங்கப்பனின் துண்டு, துண்டின் மறுமுனை அவர் கையில். அவருக்குப் பின்னால் சட்டையைப் பிடித்தபடி ரித்திகா, கடைசியில் சுரேந்தர். மூங்கில் வாயில் அங்கப்பன் நின்று மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

"மாப்ள! எனக்குக் காது கேக்காதுங்க! இனி எது சொன்னாலும் மொகத்துக்கு நேரா நின்னு சொல்லோணுமுங்க!"

காடே அதிர்ந்தது. நஞ்சன் பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தார். சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே எங்கேயோ படக்கென்று ஒரு மூங்கில் முறிந்தது.

மற்ற நாலு பேரும் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்கள். அங்கப்பன் கீதாவின் முகத்தைப் பார்த்தார். மறைக்காமல், வெட்கப்படாமல் பார்த்தார். அவள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டினாள்.

அவர் தலையாட்டவில்லை. நின்றார்.